கலோரிக் கணக்கும் தோட்டத்துக் கணக்கும்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகை அலுவலக நாற்காலியில் அமர்ந்து உழைத்ததன் பலன், என் இரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்ந்திருக்கிறது. நாளொன்றுக்கு முக்கால் மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று வைத்தியர் கட்டளையிட்டார். செய்தியறிந்த மகள் ரொறன்ரோவிலிருந்து ஒரு கைக்கடிகாரம் அனுப்பிவைத்தாள். நேரம் காட்டுவது அதன் உபதொழில். நான் எத்தனை அடி நடந்தேன், இதயம் எத்தனை முறை துடித்தது, எத்தனை கலோரியை எரித்தேன் என்பதையெல்லாம் அது சொல்லும். கேகாலையின் ஏற்ற இறக்கங்களில் முக்கால் மணி நேரம் மூச்சிரைக்க நடந்து வீடு திரும்பினால், 231 என்று காட்டும். மனிதன் விசித்திரமான பிராணி. அந்த இலக்கம் 240 ஆக வேண்டும் என்பதற்காகவே நான் ஒரு வீதி கூடுதலாகச் சுற்றிய நாட்கள் உண்டு.

சில மாதங்களுக்கு முன் எட்டியாந்தோட்டைக்கு அப்பாலுள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்துக்குப் போயிருந்தேன். என் பெரியம்மாவின் மகள் அங்கே இன்னும் பால் வெட்டுகிறார். ஓய்வு பெற ஓராண்டுதான் இருக்கிறது. நான் பிறந்ததும் அதே தோட்டத்து லயத்தில்தான். காலையில் அக்கா பிரட்டுக் களத்துக்குப் புறப்பட்டபோது, ஒரு குறும்பு யோசனையில் என் கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டேன். ஒரு பேர் விழுவதற்கு ஏறக்குறைய முந்நூறு மரம் வெட்ட வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் முதல்நாள் ஒட்டுப்பாலை உரித்து, பட்டையைத் தாள்போலச் சீவி, சிரட்டையைச் சரியாக வைத்துவிட்டு, சரிவில் அடுத்த மரத்துக்கு ஏற வேண்டும். அது முடிந்ததும் வாளியோடு அதே மலையை மறுபடி சுற்றிப் பால் எடுத்து, ஸ்டோர் வரை சுமக்க வேண்டும். பால் நிறுத்து முடிந்த பிறகு அக்கா கையை நீட்டினார். கடிகாரத்தில் 402.

"என்னா தம்பி, இது எத்தன கிலோ காட்டுது?" என்று கேட்டார்.

கிலோ அல்ல அக்கா, கலோரி என்றேன். அது என்னவென்று கேட்டார். உடம்பு எரித்த நெருப்பின் அளவு என்று விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் என் அசட்டுத்தனம் எனக்கே உறைத்தது. அந்தக் கடிகாரத்தில் பதிந்திருந்த உடம்பு என்னுடையது: ஆண், 57 வயது, 78 கிலோ. அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் உடம்பின் கணக்கை அவருக்கு எழுதியிருக்கிறது.

இதை ஒரு வேடிக்கைக் குறிப்பாக எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவனுக்குப் பழைய புத்தகங்களைப் புரட்டாமல் இருக்க முடிவதில்லை. புரட்டப் புரட்ட, இந்தத் தவறு என்னோடு தொடங்கியதல்ல என்பது தெரிந்தது.

உடற்பயிற்சிக்காகக் கலோரியை எண்ணுவது அண்மைக்கால வழக்கம். அதற்கு நெடுங்காலம் முன்பே, உழைப்பாளிக்கு எவ்வளவு போட்டால் போதும் என்பதை அறியவே இந்தக் கணக்குப் பயன்பட்டது. பிரெஞ்சு விஞ்ஞானி லவோசியே 1789இல், தன் உதவியாளர் செகுவேனை ஒரு கருவிக்குள் மூச்சுவிடச் செய்து, சும்மா இருக்கும்போதும் பாரம் தூக்கும்போதும் எவ்வளவு ஒட்சிசன் செலவாகிறது என்று அளந்தார். (தமிழகத்து வாசகர்களுக்கு: ஆக்சிஜன். நாங்கள் இலங்கைப் பாடநூலில் இப்படித்தான் படித்தோம்.) பாரம் தூக்கினால் செலவு பன்மடங்காகிறது என்று கண்டவர், அந்த அறிக்கையிலேயே ஒரு கேள்வியையும் எழுப்பினார்: கையால் உழைக்கும் ஏழை அதிகமாக எரிக்கிறான், அவனிடம் உணவோ குறைவு. உழைக்காத செல்வந்தனுக்குத் தேவை குறைவு, அவனிடமோ மிகுதி. இது என்ன நியாயம்? அவர் வரி வசூல் செய்யும் நிறுவனத்தின் பங்காளியாகவும் இருந்தவர். 1794இல் புரட்சியின் கில்லட்டின் அவர் தலையைக் கொண்டுபோனது.

அதே கேள்வி நம்மவர் வாழ்வில் இறங்கிய இடம் சென்னை மாகாணம். 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருடப் பஞ்சம். முந்தைய பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்துவிட்டார் என்று கண்டனத்துக்கு உள்ளான சர் ரிச்சர்ட் டெம்பிள், இம்முறை சிக்கனத்தின் அவதாரமாக 1877 ஜனவரியில் அனுப்பப்பட்டார். நிவாரண வேலையில் கல் உடைக்கும், மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று அவர் விதித்தார். சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கோர்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்காத கைதிக்குக்கூட இது போதாது. உழைப்பவன் தன் தசையையே தின்று தீர்ப்பான் என்பது அவர் வாதத்தின் சாரம். உணவைக் கலோரியில் அளக்கும் வழக்கம் அப்போது வரவில்லை. நைதரசன் அளவைக் கொண்டுதான் இருவரும் மோதினார்கள். இன்றைய அட்டவணையில் வைத்துப் பார்த்தால் ஒரு பவுண்டு அரிசி ஏறத்தாழ 1,600 கலோரி. நான் நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு நாளில் எரிப்பதைவிடக் குறைவு. சில மாதங்களில் சென்னை அரசு அந்தக் கூலியை உயர்த்த நேர்ந்தது. அதற்குள் நிவாரண முகாம்களில் மாண்டவர் மாண்டார்கள். நடக்கத் தெம்பிருந்தவர்களில் பெருந்திரளானோர் கடல் கடந்து இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் மனிதரும் அந்தத் திரளில் ஒருவர் என்று பாட்டி சொல்வார்.

கோப்பி நோயில் அழிந்தது. தேயிலை வந்தது. 1910ஆம் ஆண்டை ஒட்டிய விலையேற்றத்தில் இறப்பர் கேகாலைச் சரிவுகளை மூடியது. இதே காலத்தில்தான் உலகின் மறுபக்கத்தில் கலோரி அளவை ஒரு முறையான விஞ்ஞானமாகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் அட்வாட்டர் என்பவர் 1890களில் ஒரு சிறிய அறையைக் கட்டினார். அதற்குள் ஒருவரை நாட்கணக்கில் அடைத்து, உண்ணவும் உறங்கவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்து, உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தை நேரடியாகவே அளந்தார். அறைக்குள் யாராவது இறப்பர் மரத்தில் ஏறி இறங்க முடியுமா? முடியாது. அந்தக் குறையை இங்கிலாந்தின் டக்ளஸ் 1911இல் தீர்த்தார். இறப்பர் பூசிய துணிப்பை ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு, விடும் மூச்சு முழுவதையும் அதில் சேர்த்து, பிறகு பையிலுள்ள ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் கணக்கிட்டால், நடந்தவர் எவ்வளவு எரித்தார் என்பது தெரிந்துவிடும். இன்றளவும் இந்தப் பையோடு ஒப்பிட்டுத்தான் மற்றக் கருவிகளைச் சரிபார்க்கிறார்கள்.

அந்தப் பையும் அதன் பின்வந்த சிறு கருவிகளும் யார் முதுகில் ஏறின என்பதுதான் கதை. 1950களின் முற்பகுதியில் ஸ்கொட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரையும் அதே சுரங்கத்தின் எழுத்தர்களையும் நாள் முழுவதும் பின்தொடர்ந்து அளந்தார்கள். சுரங்கத் தொழிலாளி நாளொன்றுக்குச் சராசரியாக 3,660 கலோரி, எழுத்தர் 2,800. அந்த ஆய்வில் ஈடுபட்டவர்களுள் ஒருவரான பாஸ்மோர், அதற்கு முன் நம் குன்னூரில் பணியாற்றியவர். 1918இல் மக்கரிசன் தொடங்கிய ஆய்வுப்பணியிலிருந்து வளர்ந்து, 1935 முதல் அய்க்ராய்ட் தலைமையில் இயங்கிய குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம், இந்திய உணவுகள் ஒவ்வொன்றின் சத்தையும் அட்டவணையாக்கிக் கொடுத்த பெரும் நிறுவனம். 1958இல் அது ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. அதன் நாற்புறமும் தேயிலைத் தோட்டம். சன்னலைத் திறந்தால் கொழுந்துக் கூடை கண்ணில் படும்.

இலங்கையிலும் முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அன்றைய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பேராசிரியராக இருந்த கலம்பைன், வெப்பமண்டல மக்களின் வெப்ப உற்பத்தியும் சக்தித் தேவையும் பற்றி 1950இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேற்கின் அளவுகோல் இங்கே அப்படியே பொருந்துமா என்ற கேள்வி அத்தனை பழையது.

அளவுகோல் என்றதும் ஒரு பொருத்தம் நினைவுக்கு வருகிறது. அட்வாட்டரின் கணக்கில் உழைக்கும் ஆணின் உணவுத் தேவை 1 என்றால் பெண்ணுடையது 0.8. இலங்கையில் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கீழ்நாட்டில் 50, 40. வகுத்துப் பாருங்கள், அதே 0.8! ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதினார்கள் என்பதல்ல என் வாதம். இரண்டும் ஒரே மனப்பான்மையில் பிறந்தவை. பெண் என்பவள் ஒரு சிறிய ஆண், அவ்வளவுதான். அவள் கொழுந்தெடுத்தோ பால் வெட்டியோ முடித்த பிறகு விறகு பொறுக்கி, தண்ணீர் சுமந்து, ரொட்டி தட்டி, பிள்ளைக்குப் பால் கொடுப்பதெல்லாம் எந்தப் பேரிலும் விழுவதில்லை. எந்தப் பையிலும் சேர்வதில்லை. ஆணும் பெண்ணும் சம கூலி பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது நான் பாடசாலை மாணவன். அம்மாவின் சம்பளச் சீட்டை அப்பாவின் சீட்டோடு வைத்து இரண்டு முறை சரிபார்த்தது நினைவிருக்கிறது.

அளவைத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொன்னால் இரவு போதாது. முக்கியமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாம் ஒரு நாளில் எரிப்பதில் பெரும்பங்கு உடற்பயிற்சியில் போவதில்லை. சும்மா படுத்திருக்கும்போதே இதயமும் மூளையும் ஈரலும் எரிப்பதுதான் பெரிது. இதற்கு அடிப்படை அனுசேப வீதம் என்று பெயர். உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் 1985இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, எடையையும் வயதையும் கொண்டு இந்த வீதத்தைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் தந்தது. அதற்கு ஆதாரமான அளவீடுகளில் இத்தாலியர்களின் பங்கு அளவுக்கு மீறி இருந்தது. பெங்களூரில் சோரெஸ், ஷெட்டி ஆகியோரும் பிரித்தானியாவில் ஜெயா ஹென்றியும் 1990களின் தொடக்கத்தில் சோதித்தபோது, வெப்பமண்டல மக்களுக்கு அந்தச் சூத்திரம் சுமார் எட்டு முதல் பத்து சதவீதம் வரை கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்தது. உடற்பயிற்சிக் கூடங்களில் பயன்படும் 'மெட்' அலகும் அப்படித்தான். 70 கிலோ எடையும் 40 வயதும் உள்ள ஓர் ஆண் சும்மா அமர்ந்திருக்கும்போது எரிப்பதே அதற்கு அடிப்படை என்பார்கள். உலகத்தில் நடப்பவர், ஓடுபவர், மண் வெட்டுபவர் எல்லோரையும் அந்த ஒரு மனிதரின் மடங்காகத்தான் எழுதிவைத்திருக்கிறோம்.

சூத்திரம் கூட்டிச் சொல்கிறது என்றால் ஏழைக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் இங்கேதான் விவகாரம் வேறு திசையில் திரும்பியது. நம்மவர் உடம்பு குறைவாகவே எரிக்கிறது; குறைந்த உணவுக்கு அது பழகிக்கொள்கிறது; ஆகவே அட்டவணை சொல்லும் அளவு அவர்களுக்குத் தேவையில்லை என்று வாதிட ஒரு சாரார் கிளம்பினார்கள். இந்தியப் புள்ளியியலாளர் சுகாத்மே இந்தத் தகவமைப்பைப் பற்றி எழுதினார். அமெரிக்கப் பொருளியலாளர் செக்லர் 1980களின் தொடக்கத்தில், உடல் சிறுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சிறியவர்கள்தான், ஆனால் ஆரோக்கியமானவர்கள் என்றார். சேலத்தில் பிறந்து இந்திய ஊட்டச்சத்து ஆய்வின் தலைமகனாக விளங்கி, 2019இல் நூறு வயதில் மறைந்த சி. கோபாலன் இதைச் சும்மா விடவில்லை. சிறியது ஆரோக்கியம் என்பது ஏழைக்கு மட்டும்தானா, பணக்காரனுக்கு இல்லையா என்ற தோரணையில் 1983இல் சாட்டையடியாக எழுதினார். வறுமைக்கோடு கலோரியில் வரையப்படும் நாடுகளில் இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. இலங்கையில் 2002ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்ட உத்தியோகபூர்வ வறுமைக்கோட்டின் அடியில் ஆளுக்கு 2,030 கலோரி என்ற இலக்கம் இருந்தது. அந்த இலக்கத்தைச் சற்றுக் கீழே இழுத்தால், ஒரு பிடி சோறும் கூடுதலாகக் கொடுக்காமலே பல குடும்பங்களை வறுமையிலிருந்து கரையேற்றிவிடலாம்.

இந்தச் சண்டைக்கு விடை, அது தொடங்குமுன்பே, எங்கள் மலைகளில் கிடைத்திருந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

1973, 74ஆம் ஆண்டுகளை நினைவிருப்பவர்கள் இருப்பீர்கள். அரிசிப் பங்கீடு குறைந்தது, மாவு கிடைக்கவில்லை, காணி வாங்கவோ பயிரிடவோ உரிமையில்லாத தோட்டத்து மக்கள் பட்டினியில் விழுந்தார்கள். 1974இல் தோட்டங்களில் மரண விகிதம் வெகுவாக உயர்ந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. மரவள்ளிக்கிழங்கு அவியும் மணம் இன்றும் எனக்குப் பிடிப்பதில்லை. லயத்துக் காம்பிராவில் பெரியவர்கள் வேலை முடிந்து வந்ததும் பேசாமல் படுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் நாங்களும் அதிகம் ஓடி விளையாடியதாக நினைவில்லை. அதைச் சாதுவான குணம் என்று துரைமார் சொன்னார்களாம். சோம்பல் என்றும் சொன்னார்களாம்.

அந்தப் பத்தாண்டின் நடுவில் அமெரிக்க உடற்றொழிலியலாளர்களான எட்கர்ட்டன், கார்ட்னர் முதலியோர், பேராதனையில் மருத்துவம் கற்பித்த செனவிரத்னவுடன் சேர்ந்து தேயிலைத் தோட்டப் பெண்களை ஆராய்ந்தனர். (பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறி, இலங்கைத் தமிழர் உரிமைக்காக ஓயாமல் எழுதியும் பேசியும் வந்த சிங்கள மருத்துவர் பிரையன் செனவிரத்ன இவர்தான்.) 1977இல் வெளியான கட்டுரைக்காக இரத்தசோகையுள்ள பெண்களை ஓடுபட்டையில் நடக்கவிட்டார்கள். கொழுந்துக்காரி ஒருத்தி ஓடுபட்டையில் ஏறி நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்! இரத்தம் குறையக் குறைய, இதயம் கூடுதலாக அடித்தும் அவர்களால் குறைவாகவே தாக்குப்பிடிக்க முடிந்தது. 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த இரண்டாவது கட்டுரை இன்னும் முக்கியமானது. சிலருக்கு இரும்புச் சத்தும் சிலருக்கு வெற்று மருந்தும் கொடுத்து, எடுக்கும் கொழுந்தை நிறுத்தார்கள். இரும்பு பெற்றவர்கள் ஒரு மாதத்தில் கூடுதலாகக் கொழுந்தெடுத்தார்கள். மிக மோசமான இரத்தசோகை இருந்தவர்களிடம்தான் முன்னேற்றம் மிகுதி. அத்தோடு நில்லாமல், உடம்பின் அசைவைப் பதிவுசெய்யும் கருவியை அணியவைத்து, அவர்களுடைய அன்றாட நடமாட்டத்தைச் சில நேரம் நான்கு மணி நேரமும் சில நேரம் இருபத்து நான்கு மணி நேரமும் அளந்தார்கள். மூன்று வாரத்தில் அந்த நடமாட்டமும் கூடியிருந்தது. என் கையிலுள்ள கடிகாரத்தின் பாட்டியை, அரை நூற்றாண்டுக்கு முன் எங்கள் பெண்கள் அணிந்திருக்கிறார்கள்!

அதே 1979இல் மேற்கு ஜாவாவின் இறப்பர்த் தோட்டத்தில் பாஸ்தாவும் ஸ்கிரிம்ஷாவும் அவர்களுடைய குழுவினரும் பால்வெட்டும் ஆண்களுக்கு அறுபது நாள் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்த்து, இரத்தசோகை இருந்தவர்களின் வெட்டு உயர்ந்ததை எழுதினார்கள்.

இதன் பொருள் என்ன? இரத்தமும் சோறும் போதாத உடம்பு, செலவைக் குறைத்துக்கொள்கிறது. மெதுவாக நடக்கிறது, சீக்கிரம் படுத்துக்கொள்கிறது, பிள்ளையோடு விளையாடாமல் இருக்கிறது. அந்த வேளையில் எவ்வளவு துல்லியமான கருவியைக் கட்டி அளந்தாலும் கிடைப்பது அவளிடம் இருந்ததன் அளவுதான். அவளுக்கு வேண்டியதன் அளவல்ல. மாதச் சம்பளம் முழுவதையும் செலவழித்துவிட்டவனின் பையைப் பார்த்து, இவனுக்கு இவ்வளவுதான் செலவு என்று எழுதுவது போன்றது அது. பழகிக்கொண்ட உடம்பு என்று செக்லர் சொன்னதும் சோம்பல் என்று துரை சொன்னதும் இதைத்தான்.

இன்று மிகத் துல்லியமான முறை ஒன்று உண்டு. லிஃப்சன் என்பவர் எலிகளில் கண்டுபிடித்து, 1982இல் ஷோலர் மனிதருக்குக் கொண்டுவந்த முறை. கனமான ஐதரசனும் கனமான ஒட்சிசனும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, ஓரிரு வாரம் சிறுநீரைச் சேகரிப்பார்கள். ஐதரசன் நீராக மட்டும் வெளியேறும். ஒட்சிசனோ நீராகவும் மூச்சில் காபனீரொட்சைட்டாகவும் வெளியேறும். இரண்டின் வித்தியாசத்திலிருந்து அந்த மனிதர், எந்தக் கருவியும் சுமக்காமல், எரித்த மொத்தம் கிடைத்துவிடும். செலவு அதிகமென்பதால் ஊருக்கு ஊர் செய்யக்கூடியதல்ல. கைக்கடிகாரங்களின் நிலையோ பரிதாபம். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஆறு கருவிகள் ஏறக்குறையச் சரியாகச் சொல்லின. கலோரியில் மட்டும், இருப்பதில் நல்ல கருவியே 27 சதவீதம் பிழை; மோசமானது 93 சதவீதம். அதிலும் இரத்தசோகை உள்ளவரின் இதயம் சிறு வேலைக்கே வேகமாகத் துடிக்கும். துடிப்பை நம்பும் கடிகாரம், அவர் நிறைய எரித்துவிட்டதாக மகிழ்ச்சியோடு அறிவிக்கும். தலையிலும் கையிலும் உள்ள சுமை அதற்குத் தெரியாது.

ஆகவே உடல் இளைக்க நடக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கடிகாரம் 300 என்று காட்டியதும் அதற்கு ஈடாக இரண்டு வடை சாப்பிட்டுவிடாதீர்கள். நேற்றைய இலக்கத்தோடு இன்றைய இலக்கத்தை ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் அதை நம்பத் தேவையில்லை.

சென்ற மாதம் மறுபடியும் தோட்டத்துக்குப் போனேன். இம்முறை முறையாகச் செய்ய எண்ணி, ஸ்டோரில் பால் நிறுக்கும் தராசில் அக்காவை நிறுத்தேன்: 43 கிலோ. வயதுக்குத்தான் சிறிது சிரமம். அடையாள அட்டையிலுள்ள தேதியும் பெரியம்மா சொன்ன கணக்கும் ஒத்துவரவில்லை. அட்டையையே வைத்துக்கொண்டோம். பெண், 59 வயது, 43 கிலோ என்று பதிந்து கையில் கட்டிவிட்டேன். அதே மலை, அதே முந்நூறு மரம், அதே வாளி. திரும்பி வந்தபோது கடிகாரம் 251 காட்டியது.

அக்காவுக்குப் பழைய இலக்கம் மறக்கவில்லை. கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னைக்கு நானூறு காட்டுச்சே தம்பி. இதுலயும் தண்ணிக்குக் கழிச்சிட்டானுங்களா?" என்றார்.